மிலிட்டரி ஜீப் பிரேக்கா? கொண்டலாம்பட்டிக்குப் போங்கள், ஆனால் தூசியைக் காத்தால் மட்டும் ஊத விடாதீர்கள்

சேலத்தில் பழைய மிலிட்டரி வண்டிக்கு பிரேக் வேலை என்றால் நான் கைகாட்டுவது கொண்டலாம்பட்டி ரவுண்டானா தாண்டி இருக்கும் ஒரு லைனிங் பட்டறையைத்தான். லைனிங் என்பது டிரம்மில் உரசிப் பிடிக்க பிரேக் ஷூவின் மேல் ஒட்டியோ ரிவெட் அடித்தோ வைக்கிற பட்டை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து 'பிரேக் லைனிங்' என்பது மட்டும்தான் படிக்க முடிகிறது, லாரி ஷூக்கள் குவிந்து கிடக்கிற வாசலைத் தேடினால் போதும். சாமானை அடையாளம் காண்பதில் ஐந்துக்கு ஐந்து. கல்நார்த் தூசி விஷயத்தில் இரண்டு கொடுத்தாலே அதிகம்.

எங்களுடையது ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் ஓடுகிற ஃபோர்ட் ஜிபிடபிள்யூ, அதாவது இரண்டாம் உலகப்போரில் ஃபோர்ட் கம்பெனி செய்த ராணுவ ஜீப். வண்டியோடு ஒரு மரப்பெட்டி நிறைய பிரேக் சாமானும் வந்தது, எல்லாம் மெழுகுத்தாள் சுற்றி கிரீஸ் பூசினது, எது எந்த வண்டிக்கு என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. பட்டறைப் பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து முதலில் குறியைத்தான் தேடினார். ஃபோர்ட் கம்பெனி செய்த உதிரி என்றால் போல்ட் தலையில்கூட அவர்கள் பாணியில் வளைந்த 'எஃப்' எழுத்து இருக்கும். அப்புறம் லேபிளில் ராணுவ ஸ்டாக் எண். 2530 என்று தொடங்கினால் அது பிரேக், ஸ்டியரிங், ஆக்சில் வகை. 13 இலக்கம் என்றால் 1974-க்குப் பிந்தைய முறை, 11 இலக்கம் என்றால் அதற்கு முந்தையது. 13 இலக்கத்தில் முதல் நான்குக்கு அடுத்து வரும் இரண்டும் நாட்டைச் சொல்லும், 00, 01 என்றால் அமெரிக்கா, 99 என்றால் பிரிட்டன். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பொட்டலத்தில் இந்த எண்ணே இருக்காது, அங்கே வெர்னியர் என்கிற அளவுகோல்தான் பேசும்.

அவர் அளப்பதைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம். டிரம் 9 அங்குலம், ஷூ அகலம் ஒன்றே முக்கால், சரி, ஜீப்புதான். அடுத்தது ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர்: முன்னால் 1 அங்குலத் துளை, பின்னால் முக்கால். எங்கள் வண்டியில் முன்பு யாரோ பின்னாலும் 1 அங்குலத்தையே மாட்டி வைத்திருந்தார்கள், ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது பின்சக்கரம் ஏன் இழுத்துக்கொண்டு போனது என்று அப்போதுதான் விளங்கியது. ஒரே சக்கரத்திலும் முன் ஷூவுக்கு லைனிங் நீளம், பின் ஷூவுக்குக் குட்டை. இதை மாற்றிப் போட்டுவிட்டு பிரேக் பிடிக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய பேர் வருகிறார்களாம்.

பெட்டியில் ஒரு பட்டையும் இருந்தது, பித்தளைக் கம்பி மின்ன நெய்த நார். "இது ஹேண்ட் பிரேக் பேண்டு தம்பி, சக்கரத்துக்கு இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி டிரம்மச் சுத்திப் பிடிக்கிறது" என்றார். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது முன், பின் ஆக்சில்களுக்கு சக்தியைப் பிரித்து அனுப்பும் கியர் பெட்டி. இதைச் சொல்லத் தெரிந்த இன்னொரு ஆளை நான் சேலத்தில் பார்க்கவில்லை.

இனி குறை. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்றால் நமக்குத் தறிக்கொட்டகைக் கூரை ஷீட்தான் ஞாபகம் வரும், பிரேக் லைனிங் வராது. அந்தக் காலத்து லைனிங்கில் பெரும்பாலும் வெள்ளைக் கல்நார்தான், அந்த நெய்த பட்டையையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மைக்ராஸ்கோப் வைத்த லேபில்தான் தெரியும். லைனிங் ஓரத்தில் எஃப்எஃப், இஇ என்று அச்சடித்திருப்பது பிடிப்புத்திறன், முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது அதிகச் சூட்டில். கல்நார் இருக்கா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்படி இருக்க, பட்டறைப் பையன் என்ன செய்தான் தெரியுமா, கழற்றின ஷூவை எடுத்து கம்ப்ரஸர் காத்தால் ஊதிவிட்டு அடுத்து கிரைண்டரிடம் போனான், முகத்தில் ஒரு கர்ச்சீப். டிரம்முக்குள் தேய்ந்து உதிர்ந்த தூசியில் சூடு பட்டுக் கல்நார் பெரும்பகுதி மாறிவிடும், ஆனால் லைனிங்கைக் கிரைண்டரில் தேய்ப்பதும் ரிவெட்டைத் துளைப்பதும் நாரை அப்படியே காற்றில் விடும். நான் தடுத்ததற்குப் பெரியவர் சிரித்தார், "முப்பது வருஷமா ஊதறோம், ஒண்ணும் ஆகலீங்க." கல்நார்த் தூசியால் வரும் நுரையீரல் நோய்கள் வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும், இதையும் சொன்னேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார். சரி, ஆனால் நான் கேட்டபடி அன்றைக்கு என் ஷூக்களைத் தண்ணீரில் ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு நனைத்து, உளி வைத்துக் கையால்தான் ரிவெட் எடுத்தார். அதற்காகவே அந்த இரண்டு மார்க்.

போகிறவர்கள் ஷூக்களை முன்கூட்டியே நனைத்து, தடிமனான பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் இரண்டும் வீண், நுண்தூசியைத் தடுக்கும் பி100 ஃபில்டர் வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். போட்டிருந்த சட்டையை உதறாமல் தனியாகத் துவையுங்கள். புது லைனிங் வாங்கும்போது பெட்டியில் நான்-ஆஸ்பெஸ்டாஸ் என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லேயே தடை, அமெரிக்காவில் 2024-ல், நம் ஊரில் வெள்ளைக் கல்நாருக்கு இன்னும் முழுத் தடை கிடையாது. பழைய ஷூவை இரும்பு விலைக்குக் காயலான் கடையில் போடாதீர்கள், அங்கே லைனிங்கைச் சுத்தியால் தட்டித்தான் பிரிப்பார்கள். எங்களுடையது இரட்டைப் பையில் ஒட்டி, மேலே எழுதி, தோட்டத்து ஷெட்டில் பூட்டி வைத்திருக்கிறோம்.

கூலி ஷூவுக்கு 300 ரூபாய் வாங்கினார், ரிவெட் வேலை சுத்தமாக இருந்தது. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். சாயங்காலம் லாரிகள் வரிசை கட்டிவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.