ஓசூரில் வாடகைக்குக் கிடைக்கும் ஒலிமானி: விமான இரைச்சலுக்குத் தேறுமா?

2018-ல் தேஜஸ் போர் விமானப் படைப்பிரிவு பெங்களூரிலிருந்து சூலூருக்குப் போனது. இப்படி விமானங்கள் தளம் மாறும்போது சுற்றுச்சூழல் ஆய்வில் முதலில் கணக்கிட வேண்டியது இரைச்சல். அதற்கு ஓசூர் சிப்காட் பக்கம் வாடகைக்குத் தரும் முதல் வகுப்பு (துல்லியம் கூடிய) ஒலிமானி, அதாவது சத்தத்தை அளக்கும் கருவி, தாராளமாகப் போதும். ஆலைச் சத்தம் அளக்கும் இரண்டாம் வகுப்புக் கருவியைத் தள்ளிவிட்டால் வாங்காதீர்கள்.

94 டெசிபல் அளவுதிருத்தியை (தெரிந்த அளவு ஒலி கொடுத்து ஒலிமானியைச் சரிபார்க்கும் சிறு கருவி) கேட்டால்தான் கொடுக்கிறார்கள்; இது பெரிய குறை. அளப்பதற்கு முன்பும் பின்பும் சரிபார்த்து, வித்தியாசம் 0.5 டெசிபலைத் தாண்டினால் அன்றைய பதிவைக் குப்பையில் போடுங்கள். மைக்கை 1.5 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 3.5 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். கருவியில் 'ஏ' எடையிடல் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ற அளவு), 'ஸ்லோ' வேகம் (ஏற்ற இறக்கத்தை மெதுவாகக் காட்டுவது) என்று வையுங்கள். மைக்கைக் காற்றிலிருந்து காக்கும் நுரைப்பந்து கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் பதிவாவது காற்றின் சத்தம்தான், விமானம் அல்ல.

உச்ச அளவை மட்டும் காட்டும் அறிக்கையை ஏற்காதீர்கள். ஒவ்வொரு பறப்பின் மொத்த ஒலியாற்றலும் வேண்டும். அமெரிக்க விமானப்படை ஆய்வுகளில் பயன்படும் பகல்-இரவு சராசரியில், இரவு 10 முதல் காலை 7 வரையிலான சத்தத்துக்கு 10 டெசிபல் கூட்டுவார்கள்; அதாவது ஒரு இரவுப் பறப்பு பத்துப் பகல் பறப்புக்குச் சமம். பறப்புகள் இரட்டித்தால் சராசரி 3 டெசிபல்தான் ஏறும். ஊர்க்காரர் காதுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

பேட்டரி நாள் முழுக்கத் தாங்காது. பவர் பேங்க் கையோடு இருக்கட்டும்.