உப்புக்காற்றில் நான்கு ஆண்டுகள்: டேப்லெட்டின் செயலிகளை மெமரி கார்டில் வைக்கலாமா?

தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகுகளிடம் நண்டும் கணவாயும் எடுத்து அனுப்பும் தொழிலுக்காக, 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கினேன். பெட்டியில் 32 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும், இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக என் கைக்கு வந்தது ஏறத்தாழ 20 ஜிபிதான். எடைக் கணக்குச் செயலி, கடல் வரைபடம், வங்கிச் செயலிகள், காற்று நிலவரம் காட்டும் செயலி, மாலையில் மகள் பார்க்கும் பாடக் காணொளிகள் என எல்லாம் சேர்ந்து எட்டே மாதத்தில் இடம் நிறைந்துவிட்டது. பிறகு 128 ஜிபி மெமரி கார்டு ஒன்றைப் போட்டு, ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு செயலிகளை அதில் வைத்திருந்தேன். அதன்பின் சில மாதங்கள் நீங்கலாக இன்றுவரை அவை உள் நினைவகத்தில்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கருவியில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காணொளிக்கும் படத்துக்கும் கார்டு நல்ல இடம், அன்றாடம் பிழைப்புக்குத் திறக்கும் செயலிக்கு, அதுவும் நம் கடற்கரையில், அது இடமே அல்ல.

செயலியைக் கார்டுக்கு நகர்த்தும் வசதி 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2இலேயே இருந்தது, ஆனால் அப்போது செயலியின் ஒரு பகுதிதான் நகரும், அதன் தரவு உள்ளேயே தங்கிவிடும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, கார்டையே உள் நினைவகத்தின் நீட்சியாக மாற்றிக்கொள்ள வழி செய்தது. நான் பயன்படுத்தியது இந்த முறையைத்தான். கார்டைப் போட்டதும் 'போர்ட்டபிள் சேமிப்பகமா, அகச் சேமிப்பகமா' என்று டேப்லெட் கேட்டது, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அப்படித் தேர்ந்தெடுத்தால் கார்டு முழுவதும் அழிக்கப்பட்டு, வேறு கருவி படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டு, அந்த ஒரு டேப்லெட்டோடு மட்டும் பிணைக்கப்படுகிறது என்பதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. எல்லா டேப்லெட்டும் இந்த வசதியைத் தருவதில்லை என்பதையும், தரும் கருவியிலும் எந்தச் செயலி நகரலாம் என்பதை அதை உருவாக்கியவரே முடிவு செய்கிறார் என்பதையும் கார்டு வாங்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது. என் வங்கிச் செயலிகளில் ஒன்றுகூட நகரவில்லை.

முதலில் தெரிந்த குறை வேகம். காலையில் படகுகள் கரை சேர்ந்து, தராசில் நண்டுக் கூடை ஏறிய பிறகு கணக்குச் செயலியைத் தொட்டால், முன்பு நான்கு விநாடியில் திறந்தது பத்து விநாடிக்கு மேல் எடுத்தது. ஒவ்வொரு எடையையும் பதியும்போது திரை ஒரு கணம் உறைந்து நின்றது. ஈரக் கையோடு நிற்கும் படகுக்காரருக்கு அந்த நேரம் நீளமானது. என் கார்டில் வட்டத்துக்குள் 10 என்ற எண் இருந்தது. அது விநாடிக்குக் குறைந்தது 10 எம்பி தொடர்ச்சியாக எழுதும் என்பதற்கான குறி. காணொளி பதிய அது போதும். செயலியோ நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை அங்குமிங்குமாகப் படித்து எழுதுகிறது. அந்த வேலைக்கான அளவுகோல் ஏ1 என்ற குறி: விநாடிக்கு 1,500 முறை சிறு துண்டுகளைப் படித்தல், 500 முறை எழுதுதல் என்பது அதன் குறைந்தபட்ச உறுதி. பின்னாளில் ஏ1 கார்டு ஒன்றை வாங்கிச் சில மாதங்கள் பார்த்தேன். தாமதம் பெருமளவு குறைந்தது உண்மை. ஆகவே வேகம் மட்டும்தான் சிக்கல் என்றால் காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

தீர்க்க முடியாதது வேறொன்று. உள் நினைவகச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டது. கார்டோ சில மெல்லிய உலோகப் பட்டைகள் உள்ளே இருக்கும் கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருப்பதை நம்பி ஓடுகிறது. வடகடலிலிருந்து வாடை அடிக்கும் மாதங்களில் எங்கள் வீட்டுச் சன்னல் கம்பியில் ஈரம் பூத்திருக்கும். அதே காற்றுதான் டேப்லெட்டின் ஓரத்திலுள்ள அந்தச் சிறு இடுக்கிலும் நுழைகிறது. 2022 டிசம்பரில் ஊசியால் குத்திக் கார்டுத் தட்டை வெளியே எடுத்தபோது, தட்டின் விளிம்பில் வெண்ணிறமாக, தொட்டால் விரலில் ஒட்டும் மெல்லிய உப்புப் படலம் படிந்திருந்தது. அந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை, டேப்லெட் கையில் இருக்கும்போதே செயலிச் சின்னங்கள் சாம்பல் நிறமாக மங்கின; முகப்பில் வைத்திருந்த காற்று நிலவரக் கட்டம் காணாமல் போயிற்று. அணைத்துப் போட்டால் திரும்பி வந்ததால் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

2023 ஏப்ரல் 15, விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் தொடங்கிய நாள். தடை நாட்டுப்படகுகளுக்கு இல்லை என்றாலும் பழைய பாக்கிகளை நான் பேசி முடிப்பது அந்த வாரத்தில்தான். அன்று எடை பதிந்துகொண்டிருக்கும்போதே சின்னங்கள் மங்கின. அணைத்துப் போட்டதும், கார்டு பழுதாகிவிட்டது, ஃபார்மேட் செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் தொடர்பு அறுந்து கோப்பமைப்பு கெட்டது என்பதே என் கணிப்பு. ராமநாதபுரத்தில் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் கார்டைத் தம் கணினியில் செருகிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல இருக்கிறத உங்க டேப் மட்டும்தான் படிக்கும், இப்ப அதுவும் படிக்கலேங்குது, நான் என்ன செய்ய" என்றார். மறையாக்கத்தின் சாவி டேப்லெட்டில் இருக்கிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். ஐந்து மாதக் கணக்கைத் துண்டுச் சீட்டுகளையும் படகுக்காரர்களின் நினைவையும் வைத்து மீண்டும் எழுதினேன். இரண்டு பேருக்கு நான் தரவேண்டிய தொகையை அவர்கள் சொன்னபடியே ஏற்றுக்கொண்டேன், அவர்கள் நேர்மையானவர்கள்.

ஏ1 கார்டை அகச் சேமிப்பகமாகப் போட்டுப் பார்த்தது அதன் பிறகுதான். கணக்குச் செயலியை உள்ளேயே வைத்துக்கொண்டு மற்றவற்றை நகர்த்தினேன். அடுத்த வாடையில் சின்னங்கள் மறுபடியும் மங்கின. அன்றோடு எல்லாச் செயலிகளையும் உள் நினைவகத்துக்குக் கொண்டுவந்து, கார்டைப் போர்ட்டபிள் சேமிப்பகமாக, அதாவது கோப்புகளை மட்டும் வைக்கும் இடமாக மாற்றினேன். இடம் போதாமைக்கு வழி எளிது: பாடக் காணொளிகள், படங்களின் நகல்கள், பிடிஎஃப் கோப்புகள் எல்லாம் கார்டுக்குப் போனதும் உள்ளே 9 ஜிபி காலியாயிற்று. இடத்தை அடைத்திருந்தவை செயலிகள் அல்ல, கோப்புகளே. பயன்படுத்தாத மூன்று செயலிகளையும் நீக்கினேன்.

இப்போதும் வாடையில் தொடர்பு அறுகிறது. மகள் "அப்பா, வீடியோ நின்னுருச்சு" என்பாள். கார்டைக் கழற்றி, பட்டைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துப் போடுகிறேன். பாடம் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. கார்டு மேசைமேல் கிடக்கும் அந்த ஐந்து நிமிடத்திலும் எடைக் கணக்கு திறக்கிறது. கணக்கின் நகல் ஒவ்வொரு சனிக்கிழமையும் மின்னஞ்சலுக்குப் போகிறது. அடுத்த டேப்லெட்டில் கார்டு இடுக்கு இருக்கிறதா என்று இரண்டாவதாகத்தான் பார்ப்பேன்; முதலில் பார்க்கப்போவது உள் நினைவகம் 128 ஜிபியா என்பதை.