வடகடல் எண்ணெய்: அரசுப் பங்கா, அவசர வரியா?

எரிபொருள் விலை ஏறும்போது நிறுவனங்களுக்குக் குவியும் லாபத்தில் மக்களுக்குப் பங்கு வேண்டுமென்றால், அரசே தொடக்கத்திலிருந்து பங்குதாரராக இருக்கலாம். அல்லது லாபம் வந்த பிறகு கூடுதல் வரி விதிக்கலாம். ஒரே வடகடலில் எண்ணெய் எடுக்கும் நார்வே முதல் வழியையும், பிரிட்டன் இரண்டாவதையும் தேர்ந்தெடுத்தன.

நார்வே 1972-இல் தொடங்கிய ஸ்டாட்ஆயில், இன்று ஈக்வினார் என்ற பெயரில், 67 சதவீத அரசுப் பங்குடன் இயங்குகிறது. எண்ணெய் லாபத்தின் மீதான மொத்த வரி 78 சதவீதம். விலை ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறாது என்பதாலும், முதலீட்டுச் செலவின் பெரும்பகுதியை வரிக் கழிவாக அரசே சுமப்பதாலும், நிறுவனங்கள் இதைக் கணக்கிட்டுத்தான் கடலில் இறங்குகின்றன.

பிரிட்டனும் 1970-களில் ஓர் அரசு எண்ணெய் நிறுவனத்தை அமைத்தது. ஆனால் அதன் உற்பத்திப் பிரிவை 1982-இலேயே தனியாருக்கு விற்கத் தொடங்கிவிட்டது. உக்ரைன் போருக்குப் பின், 2022 மே மாதம், 25 சதவீதச் சிறப்பு வரி வந்தது. பின்னர் அது 35 ஆகி, 2024 நவம்பரில் 38 ஆனது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட இந்த வரியின் முடிவுத் தேதியும் 2025-இலிருந்து 2030 வரை நகர்ந்துவிட்டது. தொடக்கத்தில் முதலீடு செய்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சுமார் 91 பென்ஸ் வரிச்சலுகை கிடைத்தது. அதுவும் பெரும்பாலும் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கே!

வேடிக்கை என்னவென்றால், பழைய 40 சதவீத வரியையும் சேர்த்தால் பிரிட்டனிலும் இப்போது 78 சதவீதம்தான். ஆகவே வேறுபாடு விகிதத்தில் இல்லை, நிலைத்தன்மையில் இருக்கிறது. அந்த அளவில் நார்வேயின் வழியே மேல் என்பது என் கருத்து. ஆயினும், பங்குதாரரான அரசுக்குப் புதிய உரிமங்களை மறுக்க மனம் வருவதில்லை என்பதையும் நார்வேயே காட்டுகிறது.