நெடுங்கற்கள் எதைப் பார்த்து நிற்கின்றன? சோதிக்க உதவும் ஸ்டெல்லேரியம்

பழங்காலத்தில் நடப்பட்ட ஒரு நெடுங்கல் வரிசை சூரிய உதயத்தை நோக்கி நடப்பட்டதா என்று சோதிக்க, வானத்தைத் திரையில் காட்டும் இலவச மென்பொருளான ஸ்டெல்லேரியத்தின் கணினிப் பதிப்பே போதும். F2 அழுத்தி, ப்ளகின் (துணைநிரல்) பட்டியலில் ஆர்க்கியோலைன்ஸைத் (ArchaeoLines) தேர்ந்தெடுத்து, 'Load at startup' என்பதைக் குறியிட்டு, மென்பொருளை மூடித் திறவுங்கள்; பிறகு Ctrl+U அழுத்துங்கள். கதிர்த்திருப்ப நாட்களில் (சூரியன் வடக்கு, தெற்கு எல்லைகளை எட்டித் திரும்பும் நாட்களில்) சூரியன் செல்லும் பாதையும், 18.6 ஆண்டுச் சுழற்சியில் நிலா எட்டும் எல்லைகளும் வானில் கோடுகளாக வந்துவிடும். இந்த வேலைக்கு இதைவிடக் கைகொடுக்கும் வசதி வேறில்லை.

ஆண்டைப் போடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். இதில் 0 ஆண்டு உண்டு; எனவே கி.மு. 2500க்கு −2499 என்று இட வேண்டும். பழங்காலத் தேதிகள், இன்றைய நாட்காட்டிக்கு முந்தைய ஜூலியன் நாட்காட்டிப்படி வருவதால், அந்த ஆண்டின் கோடைக் கதிர்த்திருப்பம் ஜூன் 21 அல்ல, ஜூலை நடுவில் விழும். ஆண்டை மாற்றாமல் விட்டால் விடையே பிசகும். அன்று பூமியின் அச்சுச் சாய்வு சுமார் 24°, இன்று 23.44°. இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் இந்த வேறுபாடு மட்டுமே உதயப் புள்ளியை ஏறத்தாழ 1° நகர்த்துகிறது. அது சூரிய வட்டத்தின் அகலத்தைப்போல் இருமடங்கு!

அதைவிடப் பெரிய பிழை தொடுவானத்தில் இருக்கிறது. மென்பொருளோடு வரும் நிலக்காட்சியில் மரங்கள் நிற்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். களத்தில் திசைக்கோணத்தையும் மேட்டின் உயரக்கோணத்தையும் அளந்து, இரண்டு நெடுவரிசை உரைக்கோப்பாக எழுதி, பலகோண (polygonal) வகை நிலக்காட்சியாக ஏற்றுங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் அட்சரேகையில் தொடுவானம் 1° உயர்ந்தால் கோடை உதயம் சுமார் 1.6° தெற்கே தள்ளிப்போகும். காந்தத் திசைகாட்டி அளவை அப்படியே எழுதாமல் உண்மை வடக்குக்குத் திருத்திக்கொள்ளுங்கள். A விசையால் வளிமண்டலத்தை அணைத்துவிட்டால் ஒளிவிலகலும் கணக்கில் வராது. தொடுவானத்தில் அது அரை டிகிரிக்கும் மேல்.

ஒரு எச்சரிக்கை: எல்லாக் கோடுகளையும் ஒன்றாகப் போட்டால் எந்தக் கல்லுக்கும் ஏதோ ஒன்று பொருந்தியே தீரும். எதைத் தேடுகிறோம் என்பதை அளக்கும் முன்பே எழுதி வையுங்கள். சடங்கைப் பற்றி மென்பொருள் எதுவும் சொல்லாது. ஸ்டோன்ஹெஞ்சின் அச்சு ஒரு முனையில் கோடை உதயத்தையும் மறுமுனையில் குளிர்கால அஸ்தமனத்தையும் காட்டுகிறது. மக்கள் எதற்காகக் கூடினார்கள்? அருகிலுள்ள டரிங்டன் வால்ஸில் கிடைத்த பன்றிப் பற்களே துப்புத் தருகின்றன: பல பன்றிகள் ஏறக்குறைய 9 மாத வயதில், அதாவது வசந்தத்தில் பிறந்தவை என்று கொண்டால் நடுக்குளிர்காலத்தில், வெட்டப்பட்டிருக்கின்றன.

கைபேசிப் பதிப்பில் ஆர்க்கியோலைன்ஸ் கிடையாது.