கெர்பலில் முதல் சுற்றுப்பாதை: ராக்கெட்டை எப்போது சாய்ப்பது?

ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமை விளையாடத் தொடங்கும் எல்லோருக்கும் இந்தக் கட்டம் வரும். ராக்கெட் 70 கிலோமீட்டரைத் தாண்டும், வானம் கறுக்கும், ‘விண்வெளிக்கு வந்தாச்சு’ என்று மனம் குதிக்கும். சில நிமிடங்களில் அதே ராக்கெட் திரும்பித் தரைக்கு வந்துவிடும். எனக்கு முதல் வாரம் முழுக்க இதுதான் நடந்தது. இன்னும் பெரிய ராக்கெட் கட்டினேன். இன்னும் உயரப் போய் விழுந்தது.

சுற்றுப்பாதைக்கு முக்கியம் உயரம் அல்ல, பக்கவாட்டு வேகம். விளையாட்டில் ராக்கெட் கிளம்பும் கெர்பின் கிரகத்தின் காற்று 70 கி.மீ.யில் முடிகிறது. 80 கி.மீ. உயரத்தில் விழாமல் சுற்ற வேண்டுமானால் வினாடிக்குச் சுமார் 2,280 மீட்டர் வேகம் பக்கவாட்டில் வேண்டும். அதே உயரத்துக்கு ஒரு பொருளைச் செங்குத்தாக எறிவதற்கு, காற்றுத் தடை இல்லையென்றால், சுமார் 1,180 மீட்டரே போதும். பெரிய வேலை பக்கவாட்டில்தான் இருக்கிறது. சுற்றுப்பாதைக்கு ஏற மூன்று வழிகள் உண்டு, அந்த வேலையை எப்போது தொடங்குவது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

ஒப்பிட ஒரே ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். உச்சியில் பாராசூட், விமானி உட்காரும் எம்கே1 பாட், பாகங்களைப் பிரித்துவிடும் டீகப்ளர், ஒரு எஃப்எல்-டி400 எரிபொருள் டேங்க், டெரியர் எஞ்சின். அதற்குக் கீழே இன்னொரு டீகப்ளர், இரண்டு டி400 டேங்க், ஸ்விவல் எஞ்சின், அடியில் நான்கு இறக்கைகள். மொத்தம் பத்து டன்னை ஒட்டி வரும். டெல்டா-வி, அதாவது இருக்கும் எரிபொருளில் ராக்கெட் மொத்தமாக மாற்றிக்கொள்ளக்கூடிய வேகம், வினாடிக்கு ஏறக்குறைய 4,000 மீட்டர். முதல் முயற்சிக்கு இது தாராளம்.

முதல் வழி, நேராக மேலே போய் உச்சியில் திரும்புவது. யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் செய்வது இது. ஆனால் செங்குத்தாக எரியும் ஒவ்வொரு வினாடிக்கும் 9.8 மீட்டர் வேகத்தை ஈர்ப்பு விழுங்கிவிடுகிறது. ஸ்விவல் எரிந்து தீரும் ஒரு நிமிடத்தில் மட்டும் 500 மீட்டருக்கு மேல் போய்விடும். பிறகு உச்சிக்குப் போனதும் கிழக்கே திரும்பி டெரியரை எரிக்கிறோம். பக்கவாட்டில் இன்னும் 2,100 வேண்டும், அதற்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். உச்சியில் நின்று தொடங்கினால் ஒரு நிமிடம் ஆவதற்குள் பத்து கிலோமீட்டர் கீழே விழுந்து மறுபடி காற்றுக்குள் வந்துவிடுவோம். உச்சிக்கு முன்பே எரிக்கத் தொடங்கினால் தப்பலாம். அப்போதும் செலவு 4,000-ஐ ஒட்டியோ தாண்டியோ வரும், சிறு பிசகுக்கும் இடமிருக்காது.

இரண்டாவது, 10 கிலோமீட்டர் வரை நேராகப் போய் அங்கே சட்டென்று 45 பாகை சாய்ப்பது. பழைய வீடியோக்களில் இதைத்தான் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அது சரியான அறிவுரையும்கூட. 2015 ஏப்ரலில் 1.0 பதிப்பு வருவதற்கு முன் விளையாட்டின் காற்று கூழ் மாதிரி இருந்தது. மூக்குக் கூம்பு மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் பலன் இல்லை, தடை எடையை வைத்தே கணக்கிடப்பட்டது. அடர்ந்த பகுதியை விட்டு நேராக வெளியேறுவதே அப்போது லாபம். 1.0-இல் காற்று திருத்தப்பட்டது, வடிவத்துக்கு மதிப்பு வந்தது, இந்த வழிக்கான காரணம் போய்விட்டது. வேகமாகப் போகும் ராக்கெட்டை ஒரேயடியாக 45 பாகை திருப்பினால் காற்று பக்கவாட்டில் அறைந்து அதைக் குட்டிக்கரணம் அடிக்க வைக்கும் ஆபத்தும் கூடியிருக்கிறது. ஆனாலும் மேலே அகலமான, கோணல்மாணலான சுமை வைத்திருந்தால் கொஞ்சம் உயரம் போன பிறகு மெதுவாகச் சாய்ப்பதை நான் தப்பு சொல்லமாட்டேன். முதல் வழியைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது: தரையை விட்டதுமே கொஞ்சம் சாய்த்துவிட்டு, மீதியை ஈர்ப்பிடம் விடுவது. வேகம் வினாடிக்கு 50-இலிருந்து 100 மீட்டருக்குள் இருக்கும்போது டி விசையைத் தட்டித் தட்டிக் கிழக்கே ஐந்து, மிஞ்சினால் பத்து பாகை சாயுங்கள். திரையில் திசை காட்டும் உருண்டையான நேவ்பாலில், ராக்கெட் போகும் திசையைக் காட்டும் மஞ்சள் நிற ப்ரோகிரேட் குறி மெல்ல நகர்ந்து மூக்கு இருக்கும் இடத்துக்கு வரும். வந்ததும், ராக்கெட்டைத் தானாகத் திசை மாறாமல் பிடிக்கும் எஸ்ஏஎஸ்ஸில் ப்ரோகிரேட்டை அழுத்திக் கையை எடுத்துவிடலாம். விளையாட்டின் கேரியர் முறையில் புது விமானிக்கு அந்த வசதி இருக்காது, குறியைக் கையால் பின்தொடர வேண்டும். அதுவும் கடினமில்லை. மூக்கு குறியைவிட்டு ஐந்து பாகைக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்படிப் போனால் 10 கி.மீ.யை ஒட்டி ராக்கெட் ஏற்கெனவே 45 பாகைக்குச் சாய்ந்திருக்கும். பழைய வழி சாய்வைத் தொடங்கும் இடத்தில் இந்த வழி பாதி வேலையை முடித்திருக்கும்! மொத்தச் செலவு 3,400 சுமார். அதே ராக்கெட்டில் 600 மிச்சம், திரும்பி இறங்குவதற்குத் தாராளமாகப் போதும்.

சாய்வு சரியா என்று அறிய நான் பார்ப்பது அபோயாப்சிஸுக்கு, அதாவது பாதையின் உச்சிக்கு, இன்னும் எத்தனை வினாடி என்ற எண்ணை. அது 40, 50 என்று நின்றால் நிம்மதி. ஒரு நிமிடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் செங்குத்தாகப் போகிறோம், இன்னும் சாய்க்க வேண்டும். 30-க்குக் கீழே சுருங்கினால் மூக்கைக் கொஞ்சம் தூக்க வேண்டும்.

கிழக்கே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏவுதளத்தில் சும்மா நிற்கும்போதே கெர்பினின் சுழற்சி நமக்குக் கிழக்கு நோக்கி 175 மீட்டர் வேகம் கொடுத்திருக்கிறது. மேற்கே போனால் அது கடனாகிவிடும், வித்தியாசம் 350. பாதி வழியில் நேவ்பால் தரை வேகத்திலிருந்து சுற்றுப்பாதை வேகத்துக்குத் தானாக மாறும்போது குறி சட்டென்று தாவுவதும் இதனால்தான். பயப்பட ஒன்றுமில்லை.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒரே ஒரு எச்சரிக்கை. ரிலையன்ட் ஸ்விவலைவிட உந்துவிசை அதிகம் என்று பலர் அதை அடியில் மாட்டுகிறார்கள். ரிலையன்டின் முனை அசையாது, ஸ்விவலின் முனை அசையும். சாய்வு வழிக்கு அந்த அசைவு தேவை. மெக்ஜெப் என்ற தானியங்கி மாடைப் போட்டால் இதையெல்லாம் அதுவே செய்துவிடும். நல்ல கருவிதான், ஆனால் கையால் பத்து முறை ஏறிய பிறகு போடுங்கள் என்பேன். இல்லாவிட்டால் அது என்ன செய்கிறது என்றே புரியாது.

எந்த வழியில் போனாலும் கடைசிக் கட்டம் ஒன்றுதான். அபோயாப்சிஸ் 80 கி.மீ.யைத் தொட்டதும் எஞ்சினை அணைத்துவிட்டு வரைபடத்துக்குப் போங்கள். 70 கி.மீ. வரை மெல்லிய காற்று உச்சியைச் சற்றே குறைக்கும், தேவைப்பட்டால் ஒரு சின்னத் தட்டு தட்டிக்கொள்ளலாம். உச்சியில் ஒரு மெனுவர் நோடு, அதாவது எந்தத் திசையில் எவ்வளவு எரிக்க வேண்டும் என்று காட்டும் குறி, வைத்து, எரிக்க வேண்டிய நேரத்தில் பாதியை உச்சிக்கு முன்பும் பாதியைப் பின்பும் எரியுங்கள். கிரகத்துக்குள் புதைந்திருக்கும் பெரியாப்சிஸ், அதாவது பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளி, முதலில் நகராதது போலத் தெரியும். கடைசிச் சில வினாடிகளில் விறுவிறுவென்று ஏறி, மறுபக்கத்துத் தரையை விட்டு வெளியே வரும். அது 70-ஐத் தாண்டியதும் எஞ்சினை அணைக்க எக்ஸ் விசையை அழுத்துங்கள்.