அப்பாவோட வரி பாக்கிய முதல்ல கட்டுறதா, சொத்த முதல்ல பிரிக்கிறதா? நாங்க ரெண்டையும் யோசிச்சுப் பாத்தது

அப்பா 2024 பிப்ரவரில தவறிட்டார். கும்பகோணம் பக்கம் ஹார்டுவேர் கடை வச்சிருந்தவர். காரியமெல்லாம் முடிஞ்சு, தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் வாங்கி, இருக்கிற வீடு, ஒரு மனை, 9 லட்சம் எஃப்டி இத எப்படி பிரிக்கலாம்னு அம்மா, அக்கா, நான், தம்பி நாலு பேரும் உக்காந்தப்ப தான் பீரோல அந்தக் கவர் கிடைச்சுது. 2015-16ல ஒரு இடம் வித்த லாபத்த அப்பா கணக்குல காட்டல, அதுக்கு 6,40,000 ரூபாய் வரி கட்டணும்னு வருமான வரி டிபார்ட்மென்ட்ல 2022 மார்ச்ல ஆர்டர் போட்டிருக்காங்க. மனுஷன் எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல, ரெண்டு வருஷம் மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கார்னு நினைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு.

வீடு ரெண்டு கட்சியாச்சு. தம்பிக்கு அவசரம், மனைக்கு ஆள் ரெடியா இருந்தாங்க. "ஈசில, அதான் வில்லங்கச் சான்றிதழ்ல, எதுவும் ஏறல அண்ணே, பிரிச்சு வித்துருவோம், நோட்டீஸ் வந்தா அப்பப் பாத்துக்கலாம்"ங்கிறான். நானும் அக்காவும் எஃப்டிய உடைச்சு முதல்ல வரியக் கட்டுவோம், அப்புறம் பத்திரம்னோம். கடைசில நாங்க சொன்னபடி தான் செஞ்சோம், அதனால நான் எந்தப் பக்கம்னு இப்பவே தெரிஞ்சிருக்கும்.

பொதுவான விஷயத்த சீக்கிரம் சொல்லிடறேன். வாரிசா சொத்து வர்றதுக்குன்னு இங்க தனி வரி கிடையாது, எஸ்டேட் டூட்டிய 1985லயே எடுத்துட்டாங்க. ஆனா செத்தவர் வச்சிட்டுப் போன பாக்கி அவரோட போயிடாது, எங்க விஷயம் நடந்தப்ப இருந்த 1961 வருமான வரிச் சட்டம் 159ஆவது பிரிவுப்படி வாரிசுங்க தான் அவர் இடத்துல நிக்கணும் (நான் சொல்ற பிரிவு நம்பர் எல்லாம் அந்தச் சட்டத்துல உள்ளது, 2026 ஏப்ரல் 1ல இருந்து புதுச் சட்டம், அதுல நம்பர் வேற). எவ்வளவுக்குன்னா விட்டுட்டுப் போன சொத்தோட மதிப்பு வரைக்கும் தான். சொத்து 3 லட்சம், பாக்கி 10 லட்சம்னா மீதி 7 லட்சத்துக்கு உங்க சம்பளத்துல கை வைக்க முடியாது. இது தெரியாம பயந்துபோய் சொந்த நகைய அடகு வச்சுக் கட்டினவங்க எங்க சொந்தத்துலயே இருக்காங்க.

தம்பி கட்சிக்கும் நியாயம் இல்லாம இல்ல. பாக்கி இருக்குங்கிறதுக்காக மட்டும் ஈசில எதுவும் ஏறாது, டிபார்ட்மென்ட் ஜப்தி ஆர்டர் போட்டு சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸுக்கு அனுப்பினா தான் தெரியும், அதனால பதிவு தடையில்லாம நடந்துடும். நல்ல விலைக்கு வந்த ஆள விட்டுட்டா திரும்பக் கிடைக்குமான்னு தெரியாது. செத்தவர் பேருக்கு அனுப்பின நோட்டீஸ் செல்லாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் 2018ல சொல்லியிருக்குன்னும் அவன் ஃப்ரெண்ட் ஒருத்தர் சொல்லிக் கொடுத்திருந்தார். அது உண்மை தான், ஆனா அது அவர் போனதுக்கு அப்புறம் கேஸ திறக்க அனுப்புற நோட்டீஸ பத்தினது. எங்க கதைல அப்பா உயிரோட இருக்கும்போதே ஆர்டர் வந்தாச்சு, அந்தத் தீர்ப்பு எங்களுக்கு எப்படி உதவும்?

என்னைய முடிவெடுக்க வச்சது அதே 159ல இருக்கிற நாலாவது உட்பிரிவு. பாக்கி தீராம இருக்கும்போது வாரிசு அந்தச் சொத்த வித்தாலோ, அடமானம் வச்சாலோ, வேற யாருக்காவது கைமாத்தினாலோ, அந்தச் சொத்தோட மதிப்பு அளவுக்கு அவரே சொந்தப் பொறுப்பாளி ஆயிடுறார். இத நல்லா கவனிங்க. விக்காத வரைக்கும் அது அப்பா கடன், அப்பா சொத்தோட நின்னுடும். வித்த அடுத்த நிமிஷம் அது உங்க கடன், காச வீடு கட்ட, கல்யாணம் பண்ணன்னு செலவு பண்ணிட்டேன்னு சொன்னாலும் விட மாட்டாங்க, உங்க சம்பள அக்கவுண்ட் வரைக்கும் வரலாம். தம்பி வேற அவன் பங்கக் காட்டி கடைக்கு லோன் போடலாம்னு இருந்தான், அதுவும் இதுல மாட்டும். அக்கா பங்க எங்களுக்கு விடுதலைப் பத்திரமா எழுதிக் கொடுத்தாலும் இதே கதை தான்னு எங்க ஆடிட்டர் சொன்னார், அக்கா கைக்கு பத்து பைசா வராம அவங்க தலைல பொறுப்பு வந்து நிக்குங்கிறத நினைச்சாலே எனக்கு மனசு ஒப்பல.

வாங்கினவர் கதையும் இருக்கு. 281ஆவது பிரிவுன்னு ஒண்ணு, வரி நடவடிக்கை நிலுவைல இருக்கும்போது செஞ்ச விற்பனை டிபார்ட்மென்ட் வசூலுக்கு எதிரா செல்லாதுங்குது. சரியான விலை கொடுத்து, பாக்கி இருக்கிறதே தெரியாம வாங்கினவருக்கும், முன்கூட்டியே அதிகாரிகிட்ட அனுமதி வாங்கினதுக்கும் மட்டும் விலக்கு. நமக்குத் தெரிஞ்சிருந்தும் மறைச்சு ஒருத்தர் தலைல கட்டுறது எங்க அப்பா பேருக்கும் அழகில்ல.

அப்புறம் வட்டி. டிமாண்ட், அதாவது வரியக் கட்டச் சொல்ற நோட்டீஸ், வந்து 30 நாள்ல கட்டலன்னா 220(2)படி மாசம் 1 சதவீதம், எங்களுக்கு மாசம் 6,400. 2022 மே தொடங்கி நாங்க கட்டின 2024 செப்டம்பர் வரைக்கும் 29 மாசம், 1,85,600 ஆயிடுச்சு. மொத்தம் 8,25,600. எஃப்டில மிச்சம் எழுபத்தி நாலாயிரத்து சொச்சம் தான்.

எஃப்டி நாமினி அம்மா, அதனால அது அம்மா பணம், அதத் தொடக் கூடாதுன்னு தம்பி ஒரே பிடியா நின்னான். பேங்க் டெபாசிட்ல நாமினின்னா பணத்த யார் கைல ஒப்படைக்கிறதுங்கிற ஏற்பாடு மட்டும் தான், பணம் அப்பா சொத்துல தான் சேரும்னு சுப்ரீம் கோர்ட் 2010லயே சொல்லிடுச்சு. அம்மாவே "அவர் கடன அவர் காசுலயே அடைங்கடா"ன்னாங்க, அதோட பேச்சு முடிஞ்சுது.

கட்டுறதுன்னா, வருமான வரி போர்ட்டல்ல நம்ம லாகின்ல போய் சட்டப்படி வாரிசுன்னு பதியணும், இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், அப்பாவோடது, நம்மளோடதுன்னு ரெண்டு பான் கார்டு வேணும். ஓகே ஆனதும் அப்பா கணக்குல நிலுவை டிமாண்ட் எல்லாம் தெரியும். பழைய சில்லறை பாக்கி இருந்தா உடனே கட்டாதீங்க, 2009-10 வரைக்கும் 25,000க்குள்ள, 2010-11ல இருந்து 2014-15 வரைக்கும் 10,000க்குள்ள இருந்த டிமாண்ட வாபஸ் வாங்குறதா 2024 பிப்ரவரி பட்ஜெட்ல சொன்னாங்க, ஒருத்தருக்கு மொத்தம் ஒரு லட்சம் வரைக்கும். சலான்ல அப்பா பான் நம்பர் தான் போடணும், தப்பித் தவறி நம்ம பான்ல கட்டிட்டா அலைச்சல்.

கைல காசே இல்ல, மனை மட்டும் தான் சொத்துன்னு இருக்கிறவங்களுக்கு நான் சொல்ற வழி அப்படியே பொருந்தாது, அவங்க வித்துத் தான் கட்டணும். அப்பக்கூட 281ல அனுமதி கேட்டு, வாங்குறவர்கிட்ட விஷயத்த சொல்லி, அட்வான்ஸ் பணத்துலயே பாக்கிய அடைச்சிட்டு பத்திரம் போடுறது நல்லது. தவணை கேட்கவும் 220(3)ல வழி இருக்கு. டிமாண்டே தப்புன்னா அப்பீல் போறது வேற ரூட், நாங்க அதுல போகல, எங்களுது நியாயமான பாக்கி தான், அதனால அதப் பத்தி அனுபவமா சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல.

முதல்ல வந்த ஆள் காத்திருக்கல, அது உண்மை. தம்பிக்கு கொஞ்ச நாள் கோவம் இருந்துச்சு. 2025 ஜனவரில வேற ஒருத்தருக்கு கொஞ்சம் கம்மி விலைக்கு மனை முடிஞ்சுது. சலான் நகல தாய்ப்பத்திரத்தோட வச்சிருந்தோம், வாங்கினவரோட வக்கீல் அதையும் ஒரு காப்பி கேட்டு வாங்கிட்டுப் போனார்.