மலை இல்லாத ஊரில் ட்ரெயில் ஓட்டம்: பண்ணை றோட்டா, தோட்ட ஒழுங்கையா, மணற்காடா?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ட்ரெயில் ஓட்டம், அதாவது தார் றோட்டை விட்டு இயற்கையான நிலத்தில் ஓடுகிற ஓட்டம், ஓடுகிறேன் என்று சொன்னால் “எந்த மலையிலை?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்பதில் பிழை இல்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் தட்டை நிலம். நாங்கள் போனில் பார்க்கிற ட்ரெயில் ஓட்டமோ ஐரோப்பாவின் மொன்ட் பிளாங் மலையைச் சுற்றி ஏறத்தாழ 170 கிலோமீற்றர், மொத்தமாக 10,000 மீற்றர் ஏற்றம் என்று போகிற யூ.டி.எம்.பி மாதிரியானது. 2003இல் தொடங்கிய அந்தப் போட்டியின் வீடியோவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கோப்பாய்த் தோட்டவெளியைப் பார்த்தால் மனம் கொஞ்சம் சோரத்தான் செய்யும்.

ஆனால் அனைத்துலக ட்ரெயில் ஓட்டச் சங்கத்தின் வரைவிலக்கணத்தில் மலை கட்டாயம் இல்லை. மலை, காடு, பாலை, கரை, வெளி எதுவானாலும் இயற்கையான நிலமாக இருந்தால் போதும். தார், கொங்கிறீற் பகுதி 20 முதல் 25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊரில் ஓடுவதற்கு இடம் தாராளம். எந்த இடம் உடம்புக்கு நல்லது, எந்த இடம் நாளைக்கும் உங்களை எழுப்பி ஓட வைக்கும் என்பது வேறு விடயம். இரண்டுக்கும் ஒரே விடை வருவதில்லை என்பதால்தான் இந்த ஒப்பீடு.

பண்ணையும் மைதானமும்

நகரத்தில் ஓடத் தொடங்குகிற பெரும்பாலானோர் பண்ணைப் பக்கம்தான் போகிறார்கள். கோட்டையைத் தாண்டிக் கடலுக்கு நடுவே தீவுப் பக்கம் போகிற நேர் வீதி. இரண்டு பக்கமும் தண்ணீர், விடியற்காலையில் நடக்கிறவர்களின் கூட்டம், வழி தவறவே முடியாது. வேகத்தை அளந்து ஓட இதைவிட நல்ல இடம் இல்லை. சோளகம் வீசுகிற மாதங்களில், அதாவது மே தொடக்கம் செப்ரெம்பர் வரை, போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். எங்களுக்கு மலை இல்லை என்கிற குறையில் பாதியை இந்த எதிர்காற்று தீர்த்துவைக்கிறது. எப்போதும் காற்றுக்கு எதிராகத் தொடங்குங்கள். களைத்த பிறகு எதிர்காற்றில் வீடு திரும்புவது தண்டனை.

குறை என்னவென்றால் அது தார். வெயில் ஏறினால் நிழலுக்கு ஒரு மரம் இல்லை. தீவுப் பக்கம் போகிற பஸ்கள் ஓரத்தை உரசிக்கொண்டு போகும். வீதி நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால் ஒரே ஓரமாக நெடுந்தூரம் ஓடினால் ஒரு பக்க முழங்காலும் இடுப்பும் மட்டும் நோகத் தொடங்கும்.

மைதானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 400 மீற்றர்ச் சுற்றில் 10 கிலோமீற்றர் ஓட 25 சுற்று வேண்டும். வேகப் பயிற்சிக்கு வாரத்தில் ஒரு நாள் சரி. அதற்கு மேல் போனால் ஓட்டமே வெறுத்துவிடும்.

தோட்ட ஒழுங்கைகள்

வலிகாமத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு இதுதான் படலைக்கு வெளியே கிடைக்கிற பாதை. கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய், அச்சுவேலிப் பக்கங்களில் றோட்டை விட்டு ஒரு ஒழுங்கைக்குள் இறங்கினால் செம்மண், வாழைத் தோட்டம், புகையிலை, வெங்காயப் பாத்திகள், இடையிடையே பனங்கூடல். காய்ந்த செம்மண் இறுக்கமாக இருக்கும், ஆனாலும் தார் மாதிரி காலைத் திருப்பி அடிக்காது. வளைவுகள் அதிகம், வரம்பு ஒடுங்கியது, சில இடங்களில் சுண்ணாம்புக்கல் தலைநீட்டிக்கொண்டு நிற்கும். இதனால் கண்ணும் கணுக்காலும் சும்மா இருக்க முடியாது. ட்ரெயில் ஓட்டத்தில் பழக வேண்டிய முதல் பாடம் இதுதான்: நீளமாக எட்டி வைக்காமல், சின்னச் சின்ன அடியாக, அடுத்த நாலைந்து அடியைப் பார்த்தபடி ஓடுவது. அதைப் பழக நுவரெலியா போக வேண்டிய தேவை இல்லை.

அபாயம் இல்லாமல் இல்லை. வடலிக்குள் விழுந்து கிடக்கிற கருக்குமட்டை சப்பாத்தையும் கிழிக்கும், காலையும் கிழிக்கும். நெருஞ்சி முள் மெல்லிய அடியைத் துளைத்துக்கொண்டு வரும். பனங்காய் விழுகிற காலத்தில் பனைக்குக் கீழே நின்று மூச்சு வாங்காதீர்கள், நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. விடியலில் மருந்து அடிக்கிற தோட்டம் கண்ணில் பட்டால் அடுத்த ஒழுங்கையால் திரும்பிவிடுங்கள். மூச்சு வாங்க ஓடிக்கொண்டு அந்த மருந்துப் புகையைச் சுவாசிப்பது எந்தப் பயிற்சியிலும் சேராது. பாத்தியை மிதிக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வரம்பில் தண்ணீர் மாறுகிற ஐயாவுக்கு ஓடுகிறவர்தான் வழிவிட வேண்டும்.

நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒரு கூட்டம் கட்டாக்காலி நாய் இருக்கும். ஓடினால் கலைக்கும், நின்றால் பெரும்பாலும் அதுவும் நிற்கும். நடையாக மாறி, முதுகைக் காட்டாமல் கடந்து போவதுதான் வழி. ஒரே பாதையில் தொடர்ந்து ஓடினால் கொஞ்ச நாளில் அவற்றுக்கும் உங்களைப் பழகிவிடும். கடித்தாலோ பல் கீறினாலோ உடனே சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி நோய் வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

பிறகு ஊர்ச்சனம். “என்ன தம்பி, ஆரும் கலைக்கினமே?” என்ற கேள்வி முதல் மாதம் முழுக்க வரும். எங்களோடு ஓடுகிற அக்கா ஒருவருக்கு வருகிற கேள்விகள் இதைவிட நீளம். ஆனாலும் அவர் தனியாக ஓடுகிற நாளில் ஒழுங்கையைத்தான் தெரிவு செய்கிறார். “கேள்வி கேக்கிற சனம் பாத்துக்கொண்டும் இருக்கும்” என்பது அவருடைய கணக்கு. ஆளில்லாத அழகான இடத்தைவிடத் தெரிந்த முகங்கள் உள்ள இடம் அவருக்குப் பாதுகாப்பு. ஆண்கள் எழுதுகிற பாதை விமர்சனங்களில் இந்தப் பத்தி அனேகமாக இருப்பதில்லை.

மணற்காடு

வடமராட்சி கிழக்கில், பருத்தித்துறையைத் தாண்டி இருக்கிற மணற்குன்றுகள். மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில், சவுக்கங்காடு, அதற்கப்பால் வங்கக் கடல். குன்றுகள் பனை உயரத்துக்கு வராது. ஆனால் கால் வைக்கிற ஒவ்வொரு அடியும் பின்னால் சறுக்குவதால் சின்ன மேடுகூடப் பெரிய ஏற்றமாகிவிடும். 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தபோது, மணலில் ஓடக் கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று வந்தது. நடக்கும்போது இது இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் இங்கே வேகத்தைப் பார்க்கவே கூடாது. நேரத்தைப் பாருங்கள்: பண்ணையில் ஒரு மணித்தியாலம் ஓடுகிறவர் இங்கே அரை மணித்தியாலத்தோடு தொடங்கினால் போதும். இல்லாவிட்டால் அடுத்த நாள் கெண்டைக்காலும் குதிநரம்பும் கணக்குக் கேட்கும்.

மணற்காட்டுக்குள்ளேயே மூன்று வகைத் தரை உண்டு. சவுக்கம் சருகு விழுந்து படிந்த தரை மெத்தையாகவும் கெட்டியாகவும் இருக்கும், குடாநாட்டிலேயே ஓடுவதற்கு மிக நல்ல தரை இதுதான் என்பேன். குன்றின் மென்மணல் ஏற்றப் பயிற்சிக்கு. அலை நனைத்த ஈரமணல் வேகத்துக்கு, ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஆகவே போன தூரத்தைத் திரும்பியும் அதே மணலில் ஓடிச் சமன்செய்ய வேண்டும். குன்றுகளில் அடம்பன் கொடி காலைத் தடக்கும், இராவணன் மீசைப் புல் குத்தும். வெறுங்காலோடு ஓட ஆசை வந்தால் ஈரமணலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விடயத்தை மலை ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மணல் ஏறப் பழக்கும், இறங்கப் பழக்காது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. மறுநாள் படியில் இறங்க முடியாமல் செய்வது அந்தச் சுமைதான். மென்மணல் அந்த அடியை எல்லாம் தானே விழுங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுப் போட்டிக்குப் போகிறவர்கள் ஏற்றத்தில் சமாளித்துவிட்டு இறக்கத்தில் நொண்டுவது இதனால்தான். மாடிப்படி இறங்குவதும் தொடைக்கான உடற்பயிற்சியும் ஓரளவு உதவும், முழுதாக ஈடுசெய்யாது.

இன்னொன்று, பகிடி விடக்கூடாத ஒன்று. தெற்கே நாகர்கோவில், முகமாலைப் பக்கம் யுத்தகாலத்தின் முன்னரங்கு இருந்த நிலம். மிதிவெடி அகற்றும் வேலை நெடுங்காலமாக நடந்த பகுதி. மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு அடையாளமோ கண்ட இடத்தில் திரும்பிவிடுங்கள். ஊர்ச்சனம் நடக்கிற தடத்தை விட்டு விலகிப் புதுப் பாதை கண்டுபிடிக்கிற ஆசையை வேறு மாவட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தின் இன்பத்தை மட்டும் பார்த்தால் மணற்காட்டுக்கு நிகர் இல்லை. ஆனால் நகரத்திலிருந்து போய்வர ஒரு காலைப்பொழுது முழுதாக வேண்டும். அலுவலகம் போகிறவருக்கு அது ஞாயிறுகளில் மட்டும், அதுவும் கலியாண வீடு, அந்தியேட்டி எதுவும் இல்லாத ஞாயிறுகளில் மட்டும். மணற்காட்டை நம்பி ஓட்டம் தொடங்கினவர்கள் பலர் இரண்டு மாதத்தில் நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன். ஒழுங்கையில் ஓடினவர்கள் இன்னும் ஓடுகிறார்கள்.

நெடுந்தீவு இந்தப் போட்டியிலேயே சேராது. குதிரைகள் மேய்கிற வெளியும் பவளக்கல் வேலிகளும் ஓடுவதற்கென்றே செய்தது போலிருக்கும். ஆனால் குறிகட்டுவானில் முதல் படகைப் பிடித்தாலும் அங்கே இறங்கும்போது வெயில் உச்சிக்குப் போகத் தொடங்கிவிடும். இரவு தங்கினால்தான் விடியலில் ஓடலாம். வருடத்துக்கு ஒருமுறை, கூட்டமாக, பயணம் என்ற பெயரில் போகலாம். அரியாலை, கைதடிப் பக்க நீரேரிக் கரைத் தரவைகள் காய்ந்த மாதங்களில் அருமை, மழை தொடங்கினால் சேறு.

மனம் சோராமல் இருக்க எது?

பாதையைப் போலவே இதிலும் ஆளுக்கு ஆள் கட்சி உண்டு. கைக்கடிகாரக் கட்சி, போட்டிக் கட்சி, கூட்டாளிக் கட்சி.

கடிகாரமும், ஓட்டத்தைப் பதிகிற ஸ்ட்ராவா செயலியும் தாரில் நல்ல ஊக்கம். மண்ணுக்கு வந்தால் அதுவே எதிரி. மணலிலும் வரம்பிலும் வேகம் எப்போதும் கேவலமாகத்தான் காட்டும், அதைப் பார்த்து மனம் நொந்து மறுபடி தாருக்கே திரும்பினவர்கள் உண்டு. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வசனம் பேச முடிகிறதா என்று பார்ப்பது எங்கள் வெக்கைக்கு அதைவிட நம்பகமான அளவு. தனியாக ஓடினால் நீங்களே பேசிப் பாருங்கள், ஒழுங்கைச் சனம் ஏற்கனவே உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கும்.

போட்டிக்குப் பணம் கட்டினால் ஓடியே ஆக வேண்டும் என்பது உண்மை. ஆனால் மலைப் போட்டிகள் தெற்கிலும் மலைநாட்டிலும்தான். பஸ் அல்லது ரயில், தங்குமிடம், லீவு என்று செலவு போட்டிக் கட்டணத்தை மிஞ்சும். போட்டி முடிந்த மறுவாரம் ஒரு வெறுமையும் வரும், அடுத்த இலக்கு இல்லாவிட்டால் சப்பாத்து மூலைக்குப் போய்விடும். வருடத்துக்கு ஒன்று போதும்.

கூட்டாளி என்பது பழைய வழி. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று சொல்லுகிற ஊர் இது. படலையில் ஒருவர் வந்து நிற்கிறார் என்றால் போர்வைக்குள் கிடக்கிற சோம்பல் அரை நிமிடத்தில் போய்விடும். இதிலும் ஓட்டை உண்டு: இரண்டே பேர் என்றால் ஒருவர் படுத்தால் மற்றவரும் படுப்பார். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் விடிய எழும்பிக் கோயிலுக்குப் போய்விடுவார்கள், அவர்களோடு வாதாட முடியாது. நாலைந்து பேர் இருந்தால் எந்த நாளும் இரண்டு பேராவது வருவார்கள். மூன்று கட்சியிலும் என் வாக்கு இதற்குத்தான்.

செலவு விடயத்தில் ஒரு குறிப்பு. ஆழமான பல் வைத்த ட்ரெயில் சப்பாத்து சேற்று மலைக்கு உருவானது. எங்கள் சுண்ணாம்புக்கல்லிலும் இடையில் வருகிற தாரிலும் அந்தப் பல் சீக்கிரம் தேய்ந்துவிடும். நெருக்கமான துணியும் கொஞ்சம் தடித்த அடியும் உள்ள சாதாரண ஓட்டச் சப்பாத்து ஒழுங்கைக்கும் மணலுக்கும் போதும். மிச்சக் காசில் தலையில் கட்டுகிற விளக்கு ஒன்று வாங்குங்கள், சுருட்டைப் பாம்பு செம்மண்ணிலும் சருகிலும் கண்ணுக்குத் தெரியாது. குடிப்பதற்கு இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போகிற உப்பு அதில் குறைவு. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணி அல்லது உப்புக் கஞ்சி அதைவிட வேலை செய்யும்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் கிழமை நாளில் மூன்று முறை வீட்டடி ஒழுங்கை, ஞாயிறு வசதிப்பட்டால் மணற்காடு, காற்று பலமான நாளில் பண்ணை என்று வைத்துக்கொள்ளலாம். தை, மாசி மாதங்கள் தொடங்குவதற்கு நல்லவை: மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சித்திரையில் தொடங்குகிறவர் உடம்பு வெக்கைக்குப் பழக இரண்டு வாரம் விட்டு, அதுவரைக்கும் பாதித் தூரம் ஓடினால் போதும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை ஒழுங்கைகள் வெள்ளத்துக்குள் போகிற நாட்களில் மைதானத்துக்குப் போங்கள், அதுவும் வெள்ளமாக இருந்தால் மாடிப்படி இருக்கிறது.